எகிப்து: சந்தை வாய்பாட்டை மீறிய ஓர் இசைத்தொகுப்பு

முன்னுரை

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர்க்கு ‘வாய்பாடு’ என்னும் சொல் புதிதன்று. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்பன செய்யுளின் சீரை அளந்தறிய உதவும் வாய்பாடுகள். இவற்றைக் கற்றதனாலேயே ஒருவன் கவிஞனாகிவிடுவதில்லை. இவற்றை அறியாமல் மரபுக்கவிதை யாத்தலும் இயலாது. வணிக உலகிலும் வாய்பாடு உண்டு. எத்தகைய பாடல் விற்கும், அது எத்தனை மணித்துளி நீளலாம், எம்மொழியில் அமைதல் வேண்டும், எத்தாளத்தில் தொடங்குதல் வேண்டும் என்பனவற்றைப் பாடல் பிறக்கும் முன்னரே வகுத்து வைப்பது சந்தையின் வாய்பாடு. யாப்பின் வாய்பாடு பிறந்த செய்யுளை அளக்கிறது. சந்தையின் வாய்பாடோ பிறக்க வேண்டியதைத் தானே தீர்மானிக்க முற்படுகிறது.

இவ்வாய்பாட்டில் தேர்ந்து, அதனால் உலகப்புகழும் பெற்ற ஒரு பாடகர், தம் புகழின் உச்சியில் நின்றுகொண்டு அதனை விலக்கிப் படைத்த ஓர் இசைத்தொகுப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடகர், மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய செனகலைச் சேர்ந்த யூசு என்டூர். தொகுப்பு, 2004ஆம் ஆண்டு உலகெங்கும் வெளியான ‘எகிப்து’. பாப் இசைப் பாடகர் ஒருவரைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இறைப்புகழ், ஞானியர் புகழ், பாடுவோர் தகுதி, பொருளீட்டல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடம் இத்தொகுப்பு. இம்மோதல் இசுலாமியத் தமிழிலக்கியம் பயிலும் நமக்கும் அயலானதன்று என்பதே நம் விடை.

பாடகரும் அவர்தம் மரபும்

யூசு என்டூர் 1959ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் செனகலின் தலைநகராகிய டக்காரில், மெதீனா என்னும் எளிய மக்கள் வாழும் பகுதியில் பிறந்தார். தந்தையார் இயந்திரம் பழுதுபார்க்கும் தொழிலர்; மகன் பாடகனாவதை அவர் விரும்பியவரல்லர். தாய்வழி முன்னோரோ ‘கிரியோ’ எனப்படும் பாணர் மரபினர்.

கிரியோக்கள் அரசர்தம் குலவரலாற்றை நினைவிற் கொண்டு பாடியவர்கள். பிறப்பு, திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் குடும்பங்களின் பெருமையை எடுத்துரைத்தவர்கள். பகைவரிடையே தூது சென்றவர்கள். சங்க இலக்கியம் பயின்ற மாணவர்க்கு யாழேந்திய பாணரும் பொருநரும் இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. சொல்லாற்றலுக்காக அஞ்சப்பட்ட கிரியோக்கள் சாதிநிலையில் தாழ்த்தவும்பட்டனர். அவர்களை மண்ணில் அடக்கம் செய்தால் நிலம் விளையாது போகும் என்னும் அச்சத்தால், பெருத்த பாவோபாப் மரங்களின் பொந்துகளில் அவர்தம் உடலை வைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் சில பகுதிகளில் நிலவிற்று. தம்மைப் புகழ்ந்து பாடிய வாயைப் போற்றிய சமுதாயம், அவ்வாய்க்குரிய உடலை ஏற்க மறுத்தது. பாடுவோன் தகுதி பற்றிப் பின்னர் எழுந்த வினாவிற்கு இஃது ஒரு பின்புலமாகும்.

இளமையிலேயே டக்கார் இரவு விடுதிகளில் பாடத் தொடங்கிய என்டூர், 1970களின் இறுதியில் ‘எத்துவால் த டக்கார்’ என்னும் குழுவிலும், அடுத்துத் தம் சொந்தக் குழுவாகிய ‘சூப்பர் எத்துவா’லிலும் பாடினார். அக்காலத்தில் டக்கார் விடுதிகளில் கியூபா நாட்டு இசையே கோலோச்சியது. பாடகர்கள் பொருள் அறியாமலே எசுபானியச் சொற்களைப் பாடினர். அவ்விசையில் செனகலின் வோலோஃப் மொழியையும், ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் முழக்கப்படும் ‘சபர்’ முரசையும், அக்குளில் இடுக்கி அழுத்துவதால் குரல்போல் ஏறியிறங்கும் ‘தமா’ என்னும் பேசும் பறையையும் புகுத்தியவர்களுள் என்டூர் முதன்மையானவர். இவ்வாறு உருவான இசைக்கு ‘எம்பலாக்ஸ்’ என்று பெயர். இன்று அது செனகலின் தேசிய இசை எனத்தக்க நிலையினைப் பெற்றுள்ளது.

சந்தை தந்த வாய்பாடு

1980களில் ஐரோப்பிய, அமெரிக்க இசை நிறுவனங்கள் ஆப்பிரிக்கப் பாடகர்களை நாடின. அவற்றின் எதிர்பார்ப்புகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்: மேலைநாட்டு நட்சத்திரம் ஒருவர் உடன் பாடுதல், ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழி வரிகள் இடம்பெறல், சிக்கலான முரசொலி தணிந்து மின்னணுக் கருவிகளின் ஒலி மேலெழுதல், வானொலிக்கு ஏற்ற அளவில் பாடல் சுருங்குதல், கேட்டவுடன் ஆடத் தூண்டுதல்.

என்டூர் இவ்வாய்பாட்டை அறியாதவரல்லர். பீட்டர் கேப்ரியலின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் குரல் ஒலித்தது. 1994இல் நேனே செர்ரி என்னும் பாடகியுடன் இணைந்து வோலோஃப், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளில் பாடிய ‘ஏழு வினாடிகள்’ ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பெருவெற்றி பெற்றது. அதே வேளையில் தாயகத்து மக்களுக்கென டக்காரில் ஒலிநாடாக்களைத் தனியே வெளியிட்டும் வந்தார். ஒரே பாடகர் வீட்டிற்கொரு முகமும் வெளியுலகிற்கொரு முகமுமாக இருவேறு இசைகளை நடத்த வேண்டியிருந்தது என்பது இதனால் புலனாகிறது. இதனை அவருடைய குறை என்று கொள்ளுதல் முறையன்று. விலை சொல்லும் அதிகாரம் வாங்குவோர் கையில் இருக்கும்போது விற்போர் பலர்க்கும் நேரும் நிலை அது.

தொகுப்பின் அமைப்பு

இந்நிலையில்தான் ‘எகிப்து’ உருவாயிற்று. 1990களின் இறுதியில் இதன் பணி தொடங்கிற்று. கெய்ரோவைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஃபத்ஹி ஸலாமாவும் அவர்தம் இசைக்குழுவினரும் உடனுழைத்தனர். டக்காரிலும் கெய்ரோவிலுமாக ஒலிப்பதிவு நடைபெற்றது. 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிகளுக்குப் பின், இசுலாத்தைப் பாடும் தொகுப்பொன்று அவ்வேளையில் வெளிவருவது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் எனக் கருதி வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. 2003இல், ‘இறைவனுக்கு நன்றி’ எனப் பொருள்படும் தலைப்பில் செனகலிலும், 2004இல் ‘எகிப்து’ என்னும் பெயரில் உலகச் சந்தையிலும் வெளிவந்தது.

செனகல் ஞானியரைப் பாடும் தொகுப்பிற்கு எகிப்தின் பெயர் ஏன்? என்டூரின் இளமைக்காலத்தில் அவர் இல்லத்தில் ஒலித்த குரல்களுள் ஒன்று எகிப்தின் பெரும்பாடகி உம்மு குல்தூமின் குரல். நைல் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிவாசல் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து, தந்தையாருடன் சமயப் பாடல்கள் பாடித் தொடங்கி, 1975இல் மறையும்வரை அரபுலகை ஆண்ட குரல் அது. ஒரே அடியைப் பலமுறை பாடி, ஒவ்வொரு முறையும் புதிய உணர்வைப் பெய்வது அவர்தம் முறை. கேட்போர் மெய்மறக்கும் அந்நிலையினை அரபியர் ‘தரப்’ என்பர். அவ்விசை மரபையே என்டூர் தம் தொகுப்பிற்கு நிலைக்களனாகக் கொண்டார்.

எட்டுப் பாடல்கள் கொண்ட இத்தொகுப்பில் ஊது, நாய் எனப்படும் அரபுக் கருவிகளும் வயலின் வரிசையும் ஒருபுறம். கோரா, பாலஃபோன், ஹலாம் முதலிய மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகள் மறுபுறம். மின்கிதாரும் விசைப்பலகையும் முன்னிற்கவில்லை. ஆட்டத்திற்கு அழைத்த முரசு இங்குப் பாட்டிற்குத் துணை நிற்கிறது. குரல் ஒரு தொடரைப் பாட, வயலின்கள் அதனை ஏற்று மறுமொழி தருகின்றன. பாடலின் மொழி பெரிதும் வோலோஃப். விருந்தினராக வந்து ஆங்கிலத்தில் பாடும் மேலைநாட்டு நட்சத்திரம் எவரும் இல்லை. மேலே தொகுத்துரைத்த சந்தை விதிகளுள் ஒன்றும் இத்தொகுப்பிற்குப் பொருந்தாமை தெளிவு.

வாய்பாட்டை விலக்கியவர் மரபின்றி நின்றாரல்லர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. தம் பாணர் மரபையும் அரபிசை மரபையும் இறுகப் பற்றிக்கொண்டமையாலேயே சந்தையின் விதியைக் கைவிட அவரால் இயன்றது.

பாடுபொருள்

செனகல் மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். அவருட் பெரும்பாலோர் யாதேனும் ஒரு சூஃபி தரீக்காவைச் சார்ந்தவர்கள். தொகுப்பின் முதற்பாடல் இறைவனைப் போற்றுவது. ஏனையவை அந்நாட்டு ஞானியரையும் தரீக்காக்களையும் புகழ்வன.

அவருள் தலையாயவர் ஷெய்கு அஹ்மது பம்பா (1853–1927). முரீதிய்யா தரீக்காவை நிறுவிய இப்பெரியார் அரபு மொழியில் எண்ணற்ற கஸீதாக்கள் இயற்றியவர். 1887இல் தூபா நகரை நிறுவியவர். மக்கள் அவரைச் சூழ்ந்து திரளக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு ஆட்சியினர், 1895இல் அவரைக் காபோன் நாட்டிற்கு நாடுகடத்தினர். 1902இல் மீண்டவரை, அடுத்த ஆண்டே மவுரித்தானியாவிற்கு அனுப்பினர். அவர் வாளெடுத்தாரல்லர்; எழுதினார், கற்பித்தார், உழைப்பை வலியுறுத்தினார். அவர் நாடுகடத்தப்பட்ட நாளின் நினைவாக ஆண்டுதோறும் ஸஃபர் மாதம் பதினெட்டாம் நாள் தூபாவில் பல இலட்சம் மக்கள் கூடுகின்றனர். துன்பம் தொடங்கிய நாளை நன்றி செலுத்தும் நாளாகக் கொண்ட இவ்வழக்கம் சிந்திக்கத்தக்கது. தொகுப்பில் பம்பாவிற்கு நன்றி கூறும் பாடல் ஒன்றும், அவரைக் கவிஞராகக் காணும் பாடல் ஒன்றும், தூபா நகரைப் போற்றும் பாடல் ஒன்றும் உள்ளன. உடலுழைப்பையே தொண்டாகக் கொண்ட அவர்தம் மாணாக்கர் ஷெய்கு இப்ரா ஃபாலையும் ஒரு பாடல் போற்றுகிறது.

என்டூர் முரீதிய்யாவைச் சார்ந்தவர். தம் தரீக்காவை மட்டுமே பாடியிருந்தால் எவரும் வியந்திரார். அவரோ திஜானிய்யாவையும், கவுலாக்கைச் சேர்ந்த திஜானி அறிஞர் ஷெய்கு இப்ராஹீம் நியாஸையும் (1900–1975), டக்காரை அடுத்த யோஃப் கடற்கரையில் மீனவச் சமுதாயத்திடையே தோன்றிய லாயேன் இயக்கத்தின் நிறுவனர் லிமாமு லாயேயையும் பாடுகிறார். லிமாமு லாயே தம்மைக் குறித்துக் கூறிக்கொண்டவற்றை அறிஞர் பலரும் ஏற்பதில்லை. அஃது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு தரீக்காவினர் மற்றொரு தரீக்காவின் பெரியாரைப் பாடத் துணிந்தமையே நாம் இங்குக் கருதுவது. கூலி தந்த குடும்பத்தை மட்டும் புகழ்தல் பழைய பாணனின் கடமை. இங்கே பாணன் தன்னை அழைக்காத வாயில்களிலும் சென்று நிற்கிறான். விற்பனைக் கணக்கிற்கும் இஃது உகந்ததன்று. தத்தம் பெரியாரை மட்டும் பாடக் கேட்க விழைவோர் எல்லாப் புறத்தும் உண்டு.

எதிர்ப்பும் ஏற்பும்

தாயகத்தில் தொகுப்பு வரவேற்கப்படவில்லை. ரமளான் காலத்தில் வெளியான ஒலிநாடாக்களைக் கடைக்காரர்கள் திருப்பியனுப்பினர். எழுந்த மறுப்புகளை மூன்றாகப் பகுக்கலாம். ஒன்று, இரவு விடுதியில் காதலும் ஆட்டமும் பாடிய வாய் ஞானியர் பெயரைச் சொல்லத் தகுமா என்பது. இரண்டு, புனிதப் பெயர்களை இசைக்கருவிகளோடு கலத்தல் முறையா என்பது. மூன்று, இறைப்புகழை விலைப்பொருளாக்கலாமா என்பது.

இம்மறுப்புகளை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு செய்யப் போவதில்லை. புனிதமானதைச் சந்தையினின்றும் காக்க வேண்டும் என்னும் உணர்வு மதிக்கத்தக்கதே. இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்து வைப்பது இலக்கிய மாணவராகிய நம் பணியன்று. ஆயின் முதல் மறுப்பைப் பற்றி ஒன்று கூறலாம். தகுதியுடையோர் மட்டுமே புகழ் பாடலாம் எனின், அத்தகுதியை யார் அளப்பது? முற்காலத்தில் கிரியோவிற்கு மண்ணில் இடம் மறுத்த அளவுகோலுக்கும் இவ்வளவுகோலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? பிழைபட்ட வாழ்வினின்றும் திரும்பி வந்தவர் பாடிய பாடல்கள் பக்தி இலக்கியத்தில் எம்மொழியில்தான் இல்லை?

மூன்றாம் மறுப்பே கனமானது. தொகுப்பு விற்கப்பட்டது, அதனால் பொருள் வந்தது, இதனை மறுத்தற்கில்லை. எனினும் பொருளே குறியாயின், ‘ஏழு வினாடிகள்’ காட்டிய வழியே எளிதாக இருந்தது. 2003ஆம் ஆண்டு ஈராக் போரை எதிர்த்துத் தம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தையே கைவிட்டவர் அவர் என்பதும் எண்ணத்தக்கது. 2008இல் எலிசபெத் சாய் வசர்ஹெல்யி இத்தொகுப்பின் வரலாற்றை ஆவணப்படமாக்கினார். வெற்றிக் களிப்பைக் காட்டிலும், தம் மக்களால் ஒதுக்கப்பட்ட பாடகனின் வருத்தமே அதன் சாரம் எனலாம். நிய்யத்தை மனிதர் அறிய முடியாது. ஆயினும் ஒருவர் எதை இழக்கத் துணிந்தார் என்பதைக் கண்டு ஓரளவு உய்த்துணரலாம்.

2005 பிப்ரவரியில் ‘எகிப்து’ கிராமி விருது பெற்றது. என்டூர் பெற்ற முதல் கிராமி அதுவே. உடனே தாயகத்தின் காற்று திசைமாறிற்று. முன்பு முகம் திருப்பியோர் பாராட்டினர். நாட்டின் பெருமை என்றனர். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பாடலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கருவியில் ஒன்றும் குறையவில்லை. முன்னர்ப் பிழையாகத் தோன்றியது பின்னர்ப் பெருமையாகத் தோன்றியது எதனால்? சந்தையின் தீண்டலை அஞ்சி விலக்கிய தொகுப்பை, அச்சந்தையே வழங்கிய பரிசைக் கண்டு ஏற்றுக்கொண்டனர். மறுத்தோரின் முதற்கருத்து உறுதியானதாயின், விருதிற்குப் பின்னும் அதில் நின்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நின்றோரும் இருந்தனர். அவர்களை நாம் கூடுதலாக மதிக்கிறோம்.

தமிழ் மாணவர் கொள்ளத்தக்கன

செனகலின் மொழி வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. வோலோஃப் மொழியை அரபு எழுத்தில் எழுதும் மரபு அங்குள்ளது; அதற்கு ‘வோலோஃபல்’ என்று பெயர். முரீதிய்யாக் கவிஞர் மூசா கா முதலியோர் அவ்வெழுத்தில் நெடும்பாடல்கள் இயற்றினர். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் அரபுத்தமிழ் மரபை இஃது ஒத்திருத்தல் காண்க. ஓதுவதற்குக் கற்ற எழுத்தைத் தாய்மொழிக்கும் உரியதாக்கிக்கொண்ட இரு சமுதாயங்கள், ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியை மேற்கொண்டன.

மற்றொன்று. பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ்நிலமாகக் காட்டினார். பொருள் அரபகத்தது, கோலம் தமிழினது. என்டூரோ செனகல் மண்ணின் ஞானியரை எடுத்துக்கொண்டு அரபிசையின் கோலத்தில் வைத்தார். திசை வேறு, செயல் ஒன்று. இருவரும் தம் காலத்து மக்கள் எதிர்பார்த்த எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. ஆயினும் இருவர் படைப்பும் வேரின்றி நிற்கவில்லை.

அண்மையில் நம் வகுப்பில் மாணவர் ஒருவர், ‘ஐயா, திரைப்பாட்டு எழுதுகிறவர் முனாஜாத்தும் எழுதலாமா?’ என்று கேட்டார். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை, தாமே எழுதி வைத்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அன்று நாம் உடனே விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவருக்கான விடை. எழுதுக, எழுதியதை எவர் கேட்பார், எவ்வளவு விற்கும் என்பதை எழுதும்போது எண்ணாதிருக்க முடியுமா என்று உம்மையே வினவிக்கொள்க, முடியுமெனில் அச்சமின்றித் தொடர்க.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘எகிப்து’ மொழியிலும் இசையமைப்பிலும் பாடுபொருளிலும் சந்தை வாய்பாட்டை விலக்கிற்று என்பதும், அவ்வாறு விலக்குவதற்கு மரபே வலிமை தந்தது என்பதும், தாயகத்தின் மறுப்பில் மதிக்கத்தக்க அக்கறையும் பழைய தாழ்த்துதலின் எச்சமும் கலந்திருந்தன என்பதும் பெறப்பட்டன.

என்டூர் பின்னர் எம்பலாக்ஸ் இசைக்கே திரும்பினார். 2012இல் தம் நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் பொறுப்பேற்றார். ஒரு தொகுப்பினால் அவர் துறவியாகிவிடவில்லை. தாம் கற்ற கலையினின்றும் ஒரு பங்கை எடுத்து, விலை பேசாமல் தம் முன்னோர் வாயிலில் வைத்தார், அவ்வளவே. சகாத்து, செல்வத்திற்கு மட்டுமே கடமையாக்கப்பட்டுள்ளது. கலைக்கும் கல்விக்கும் அத்தகைய கடமை எழுதப்படவில்லை எனினும், தந்தவனுக்கு நன்றியாக அவற்றினின்றும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் எண்ணம் நம் மாணவர் உள்ளத்தில் எழுமாயின், ஆசிரியராகிய நமக்கு அதனினும் மிக்க மகிழ்ச்சி வேறில்லை.